மேல்வீட்டில் ‘சரி’ கிடையாது

“எறக்கு… எறக்கு… எறக்கு… எறக்கு…”

எட்டுக் கண்ணாடிப் பலகைகள் ஒரு மரச்சட்டத்துக்குள் நின்ற நிலையில் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. கட்டிடத்தின் நடுவில் பதினான்கு மாடி ஆழத்துக்கு ஒரு திறந்த முற்றம். அதன் தரையில் நின்று, வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, நான் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு முற்றத்தின் உள்ளே எதுவும் தெரியாது. மொட்டைமாடி விளிம்பைத் தாண்டிக் கொக்கி கீழே போய்விட்டால் அவருக்கு இருப்பது என் குரல் ஒன்றுதான்.

“எறக்கு… எறக்கு…”

பக்கத்தில் மேனேஜர் வந்து நின்றார்.

“அண்ணே, ஒரே நிமிஷம். காது மட்டும் குடுங்க, போதும்.”

நான் திரும்பவில்லை. “எறக்கு… எறக்கு…”

“ஹெட் ஆபீஸ்ல இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கறாங்க. அக்கா நாலு நாளா வாயே தொறக்கல. இதுக்கு மேல விட்டா அந்த போஸ்ட் வேற ஆளுக்குப் போயிடும். நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே.”

“எறக்கு… எறக்கு…”

“உங்களைப் பத்தியும் யோசிச்சுட்டேன். புதுசா வர்ற ஆபரேட்டர் உங்களை வச்சு ஓட்ட மாட்டான். அது உங்களுக்கே தெரியும். ஸ்டோர்ல போட்டுடறேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கலாம். பேசவே வேண்டியதில்ல. என்ன, அக்காகிட்ட சொல்லிடறீங்களா?”

“சரி,” என்றேன்.

கொக்கி நின்றது.

கண்ணாடிக்காரர்கள் இரண்டு பேர் கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிக்கொண்டு கீழே காத்திருந்தார்கள். அவர்கள் விரல்களுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் சட்டம் லேசாக ஆடியது. மேனேஜர் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. இந்தக் கம்பெனிக்கு அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, கிரேன் அலைவரிசைப் பக்கம் வந்ததே இல்லை. மற்ற எல்லோருக்கும் புரிந்திருக்கும். எங்கள் அலைவரிசையில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அதோடு, என் கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேலேதான் இருந்தது. மேனேஜர் சொன்ன அத்தனையும் கேபின் வரைக்கும், சைட்டில் வாக்கிடாக்கி வைத்திருந்த ஒன்பது பேர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கிரேன் ஓட்டுபவரை எல்லோரும் மேல்வீட்டு அக்கா என்பார்கள். நான் அவரைவிட மூன்று வயது மூத்தவன். இருந்தாலும் எனக்கும் அக்காதான். வாக்கிடாக்கியில் கூப்பிடும்போது அவர் மேல்வீடு, நான் கீழ்வீடு. பதினொரு வருடமாக நாள் முழுக்கப் பேசுகிறோம். பக்கத்தில் பக்கத்தில் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு வாரம் தேறினால் அதிகம். அவருக்கு என் ஹெல்மெட்டின் மேல்பக்கம் நன்றாகத் தெரியும். “கீழ்வீடு, உங்க தொப்பி வெடிச்சிருக்கு, மாத்துங்க” என்று ஒருமுறை சொன்னார். கழற்றிப் பார்த்தேன். மயிரிழையாக ஒரு கீறல் இருந்தது.

பதினெட்டு வருடம் முன்பு அவர் இதே கம்பெனியின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வருகைப் பட்டியல் அடிப்பது, கடிதங்களை உறையில் போடுவது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிபாரிசுக்காக மூன்று பேர் வீட்டு வாசலில் நின்றதாக இன்றைக்கும் சொல்வார். ஒருநாள் கிரேன் ஆபரேட்டரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆள் இறங்கி வர மறுத்தார். அலுவலகத்தில் யாரும் ஏற முன்வரவில்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் இறங்கவில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்கு மனு எழுதினார். தானே டைப் அடித்தார். ஒரு பிழைகூட இல்லை என்பதில் அவருக்கு இன்னும் பெருமை.

“நாக்காலி வாங்கிக் குடுத்தேன். ஏணியில ஏறிட்டா,” என்றார் அண்ணன். இரண்டு வருடம் பேசவில்லை. துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் கணவர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னாராம்: “விழாம இரு.”

மேலே இருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். “வேடிக்கை பாக்கவா எனக்குச் சம்பளம்?” என்பார். அவருக்குப் பிடித்தது வேறு. இரண்டு டன் இரும்பைத் தரையில் சத்தம் வராமல் வைப்பது. வைத்து முடித்துக் கொக்கியைத் தளர்த்துவார். பிறகு, “கீழ்வீடு, சத்தம் கேட்டுச்சா?” என்பார். “இல்லக்கா.” “எனக்கும் கேக்கல,” என்பார். அறுபது மீட்டர் உயரத்தில் அவருக்கு எப்படிக் கேட்கும்? அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருப்பார்.

‘சரி’ தடையானது அவருடைய மூன்றாவது வருடத்தில். அப்போது கீழே நின்ற ஆள் வேறு ஒருவர். கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது டீ கொண்டுவந்தவர் “இங்க வெச்சுட்டுப் போகட்டா?” என்று கேட்டிருக்கிறார். பொத்தானை விடாமலே அந்த ஆள் “சரி, சரி” என்றார். அக்கா இறக்கிவிட்டார். ஒரு தள்ளுவண்டி தகடானது. வண்டிக்காரன் ஐந்து அடி தள்ளிக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவர் கேபினிலேயே உட்கார்ந்து யோசித்தாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் எத்தனை வேலை செய்கிறார்கள். ஆமாம் என்பதற்கும் சரி. போதும் என்பதற்கும் சரி. செய் என்றாலும் சரி, நிறுத்து என்றாலும் சரி. கோபத்தில் சரி, கும்பிட்டுச் சரி, காதில் விழாவிட்டாலும் சரி. மறுநாள் சைட் முழுக்க அறிவித்துவிட்டார்: கிரேன் அலைவரிசையில் ‘சரி’ கேட்டால் கொக்கி நிற்கும். யார் சொன்னாலும் நிற்கும். யாரோ ஒருவர் கேட்டார், “அப்ப ரைட்டுன்னு சொல்லிக்கறோம்க்கா.” “ரைட்டுன்னா வலது பக்கம் திருப்பட்டுமா?” ஓகேயும் போயிற்று. மிஞ்சியது ‘கேட்டுச்சு’ ஒன்றுதான். கேட்டுச்சு என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதில் சம்மதம் கிடையாது.

நாளடைவில் வீட்டிலும் அவர் வாயிலிருந்து அது உதிர்ந்துவிட்டது. யாராவது ஒன்று சொன்னால் “கேட்டுச்சு” என்பார். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வார். அவர் கணவர் தேய்த்த சட்டையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார், “பதினஞ்சு வருஷமா எங்க வீட்ல அந்த வார்த்தை இல்லைங்க. இருந்தும் குடும்பம் ஓடுது. எப்படின்னுதான் தெரியல.”

எனக்கு அந்தத் தடை வேறு விதமாக வாய்த்தது. எனக்குத் திக்குவாய். க, ப, த மூன்றும் தொண்டையில் சிக்கும். வ சில நாட்களில் சிக்கும். சிறுவயது முதல் ஒரு தடவைகூடச் சிக்காத சொல் ‘சரி’ ஒன்றுதான். ஆகையால் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். மறுத்துப் பேசுவதற்குள் எதிராளி முகம் மாறிவிடும், சிலர் என் வாயையே பார்ப்பார்கள், சிலர் வாக்கியத்தை அவர்களே முடித்துக்கொடுப்பார்கள். அதற்கு ஒரு ‘சரி’ எவ்வளவோ மேல். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். சரி என்றேன். ஐந்து வருடம் கழித்துப் பிரிந்துவிடலாமா என்று அவளே கேட்டாள். அதற்கும் சரி என்றேன். பேச்சுத் தேவைப்படாத வேலையாகத் தேடிப்போனேன். பெயின்ட் டப்பா அடுக்குவது, குடோனில் மூட்டை எண்ணுவது, பிறகு இங்கே கொக்கியில் லோடு கட்டுவது.

ஒருநாள் கீழே நிற்கும் ஆள் வரவில்லை. சைகை தெரிந்தவன் நான்தான் என்று என் கையில் வாக்கிடாக்கியைத் திணித்தார்கள். சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டிய லோடு. சைகை பலிக்காது, குரல்தான். நான் “கீ… கீ… கீ…” என்றேன். ‘கீழே’ வரவில்லை. கொக்கி நின்றுவிட்டது.

“யார்றா அது, கிளி வளக்கறாங்களா?” என்றது ஒரு குரல். அலைவரிசை முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு சொன்னார். “பேச்சு நின்னா கொக்கி நிக்கணும். அதான் ரூலு. இவர் சிக்கினா கொக்கி நிக்குது. வேற யாராவது பராக்குப் பாத்துக்கிட்டே எறக்கு எறக்குன்னு பாட்டுப் பாடுவான். எனக்கு இவரே போதும்.”

அன்று வேலை முடிந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். பக்கத்தில் நின்று பார்த்தபோது நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

“எந்தெந்த எழுத்து வராது?” என்று கேட்டார்.

நாற்பத்தொரு வயதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். எந்த டாக்டரைப் பார்த்தாய், சின்ன வயதில் எதற்காவது பயந்தாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னேன். ஒரு சிமென்ட் பையின் ஓரத்தைக் கிழித்து எழுதிக்கொண்டார். மறுநாள் காலை ஒரு பட்டியல் டைப் அடித்து வந்திருந்தது. மேலே. எறக்கு. உள்ளே. அவுட். இடம். ரைட். மெல்ல. நில். எதற்கும் முதலெழுத்து க இல்லை, ப இல்லை, த இல்லை. ‘வெளியே’, ‘வலது’ இரண்டையும்கூட எடுத்துவிட்டிருந்தார். வ சில நாட்களில் சிக்கும் என்று நான் சொன்னதை மறக்கவில்லை. “ரைட்டு வேணாம்னு ஊருக்கே சொன்னேன். உங்களுக்கு மட்டும் இனிமே வலது பக்கம்,” என்றார்.

எட்டுச் சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு பதினொரு வருடத்தில் ஐந்து கட்டிடங்களை இறக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் ‘சரி’ இல்லாததால் எனக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. ஒன்றைக் கேட்டால் நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் காத்திருப்பார். காத்திருப்பதற்குத்தான் கிரேனில் பிரேக் இருக்கிறது என்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான்கு நாள் முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சித் துறையில் துணை மேலாளர். கண்ணாடிக் கதவு போட்ட அறை, கதவில் பெயர்ப்பலகை, வீட்டு வாசலுக்கு வண்டி. கேபினிலிருந்து அந்த அறைக்குப் போகும் முதல் ஆள் இவர்தான் என்பதால் கம்பெனிப் பத்திரிகையில் படம் வேறு. அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் முட்டி, கண், இதயம் எல்லாம் பார்த்துத்தான் மேலே அனுப்புவார்கள். ஒன்று தவறினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அறை ஒருமுறைதான் கிடைக்கும். சைட்டில் எல்லோரும் அவருக்காகச் சந்தோஷப்பட்டார்கள். அவர் கடிதத்தை மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

எனக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. அவர் போனால் என் வேலை போகும். அதற்காக அவர் போகக் கூடாது என்று நினைப்பதற்கும் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் கிரேன் அடியில் நின்று, “போ… போ… போங்கக்கா,” என்றேன். முடிக்கும்வரை கேட்டார்.

“வராத எழுத்துல ஆரம்பிச்சு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்க?” என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பொத்தானை விட்டேன். உடனே அவர் குரல் வந்தது.

“கீழ்வீடு. நிக்கிறேன்.”

நான் பொத்தானை அழுத்தினேன். ‘எறக்கு’ என்ற சொல் இந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் சிக்கியதில்லை. அன்று சிக்கியது. எ என்ற ஒலியே எழவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்காரர்களில் பெரியவர் கையை இறக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“குடுங்க இங்க,” என்று மேனேஜர் வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். “மேடம், நான்தான். எறக்குங்க. ரெண்டாள் ஒயரம்தான் இருக்கு. க்ளியரா இருக்கு.”

கொக்கி அசையவில்லை.

“மேடம், கேக்குதா?”

“கேட்டுச்சு. யார் பேசறது?”

“மேனேஜர்.”

“மேனேஜர் குரலுக்கு இந்தக் கொக்கி எறங்காது சார். அதை யார்கிட்ட வாங்கினீங்களோ அவர்கிட்டயே திருப்பிக் குடுங்க.”

“மேடம், அவருக்குப் பேச்சு வரல. இங்க ரெண்டு பேரு கையத் தூக்கிட்டு நிக்கறாங்க.”

“கையக் கீழ போட்டுட்டு தள்ளி நிக்கச் சொல்லுங்க. லோடு கட்டியிருக்கறது நல்ல பெல்ட்டுதான், நேத்துதான் பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் தொங்கும். எனக்கு அவசரம் இல்ல.”

அலைவரிசையில் வேறு எங்கிருந்தோ ஒரு குரல், “எங்களுக்கும் இல்லக்கா,” என்றது. கான்கிரீட் ஆட்கள்தான்.

மேனேஜர் வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை. முகம் சிவந்திருந்தது. நான் வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். கண்ணாடிக்காரர்கள் தள்ளிப்போய்க் குந்தி உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒரு பீடியை எடுத்து, இடத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. மூன்று நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். அந்த மூன்று நிமிடத்தில் யாரும் என் வாக்கியத்தை முடித்துக்கொடுக்க வரவில்லை. யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. எட்டுப் பலகைக் கண்ணாடி எனக்காகக் காற்றில் நின்றது.

“எறக்கு,” என்றேன்.

இறங்கியது. “எறக்கு… எறக்கு… மெல்ல… மெல்ல… நில்.” மரச்சட்டம் கட்டைகள் மேல் உட்கார்ந்தது. பெரியவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவோடு இறங்கி வந்தார். வழக்கமாக மேலேயே சாப்பிடுவார். இருநூற்றுப் பன்னிரண்டு படிகளை நடுவில் ஒரு தடவை இறங்கி ஏறுவதென்றால் காரணம் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து, “வாங்க, நீங்களும் வாங்க,” என்றார்.

சைட் ஆபீஸில் மேனேஜரும் அக்காவின் அண்ணனும் இருந்தார்கள். அண்ணனை மேனேஜர்தான் போன் போட்டு வரவழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் கடன் வாங்கிய ஹெல்மெட். அதன் பட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் எதிரே மேசையில் உபரி வாக்கிடாக்கி இரைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“உக்காரு,” என்றார் அண்ணன்.

“காலையிலேருந்து உக்காந்துதாண்ணே இருக்கேன். நிக்கிறேன்.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அந்த மனுஷன் எவ்ளோ நேரமா கெஞ்சறாரு பாரு.”

“வேணாம்ணே.”

“நான் சொல்லச் சொன்ன வார்த்தை அது இல்ல.”

“நான் சொல்ல எறங்கி வந்த வார்த்தை அதுதான்.”

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். “மேடம், ஒரு தடவை யோசிச்சு…”

“இருநூத்திப் பன்னெண்டு படி சார். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை யோசிச்சாச்சு.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் கதவு ஓரத்தில் நின்றிருந்தேன்.

“இவருக்காகத்தான் வேணாங்கறியா? ஸ்டோர்ல போடறேன்னு அவரே சொல்றாரே.”

இந்தக் கேள்வி வரும் என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். ‘ஆமாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் நான் மிச்ச வாழ்நாளை எப்படி நடத்துவது? என் வாய்க்காக அம்மா வேலையை விட்டாள். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று தம்பியைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பாமல் என்னோடு சேர்த்தார்கள். அவர்கள் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை.

“இவருக்காகவா?” அக்கா என்னைப் பார்த்தார். ஏதோ தமாஷ் கேட்டதுபோல. “இவருக்காக இல்லண்ணே. இவர் ஸ்டோருக்குப் போனாலும் நான் மேலதான் ஏறுவேன். வேற ஆளைப் பழக்கிக்குவேன், கஷ்டம்தான், பழக்கிக்குவேன். நீங்களும் கேட்டுக்குங்க கீழ்வீடு. எனக்காக விட்டாங்கன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியாதீங்க.”

“இல்லக்கா.”

“பின்ன எதுக்குத்தான் வேணாங்கறே?” அண்ணன் குரல் உயர்ந்தது. “ஐம்பது வயசு ஆகப்போகுது. முட்டி போச்சுன்னா வீட்ல உக்கார வேண்டியதுதான். நாக்காலி தேடி வருது. பேரோட பலகை மாட்டறேங்கறான்.”

“நல்ல வேலைதாண்ணே. செய்யறவங்க செய்யட்டும். எனக்கு லோடு எறக்கப் பிடிச்சிருக்கு. காலையில ஏறும்போதே நாளைக்கும் ஏறணும்னு தோணுது. பதினெட்டு வருஷமா தோணுது. இதைக் கையில வச்சுக்கிட்டு நான் எங்க போய் எதைத் தேடறது? முட்டி போற அன்னிக்குக் கீழ நின்னு வேற வேலை பாப்பேன். அதுக்கு இன்னிக்கே போய் உக்காரணுமா?”

அண்ணன் ஹெல்மெட் பட்டையைக் கையிலிருந்து கழற்றினார்.

“நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது.

“என்ன வேணா சொல்லுங்க. தங்கச்சி மேல போயிட்டான்னு மட்டும் சொல்லாதீங்க. மாலை வாங்கிட்டு வந்துடப்போறாங்க.”

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அண்ணன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “சின்ன வயசுலேருந்தே திமிரு,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ பலநாள் பழகியவன்போல. பிறகு அக்காவின் டப்பாவை இழுத்துத் திறந்து, அவரைக் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா இரண்டு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். கடிதத்தின் பின்பக்கத்தில் நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் பக்கத்தில் நடந்தேன். அந்த நேரத்தில் எனக்குள் இருந்ததை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் எனக்காக எதையும் இழக்கவில்லை. தனக்குப் பிடித்ததைச் செய்கிறார், அதன் நிழலில் எனக்கும் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தோளில் எதுவும் ஏறவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவற்றில் மிக லேசான பொருள் அதுதான். அதற்காகத்தான் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நன்றி ந-வில் ஆரம்பிக்கிறது. ந எனக்குச் சிக்காது. அதனால் தப்பிக்க வழியில்லை.

“நன்றிக்கா,” என்றேன்.

“எதுக்கு?”

யோசித்தேன். “மூணு நிமிஷம் நின்னதுக்கு.”

“அது ரூலு,” என்றார். “அதுக்கெல்லாம் நன்றி சொன்னா நாள் முழுக்கச் சொல்லணும். இன்னும் மூணு சட்டம் கண்ணாடி இருக்கு. போய் நில்லுங்க.”

கிரேன் அடிக்குப் போய் ஏணியில் கால் வைத்தவர் திரும்பினார். “ஆமா, ஸ்டோருக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டீங்களே. அதுக்கு என்ன பதில்?”

“வே…” என்று ஆரம்பித்தேன். அன்று வ சிக்கிற நாள். அவர் ஏணியைப் பிடித்தபடி நின்றார். பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது. அவர் திரும்பவில்லை.

“வேணாம்,” என்றேன்.

“மேனேஜர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க,” என்று ஏறிப்போனார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காற்று அதிகம். காற்றுமானி எல்லையைத் தாண்டியதால் பத்து மணிவரை கொக்கியை இயக்கவில்லை. அக்கா கேபினில் இருந்தார். நான் கீழே பெல்ட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தையல் பார்த்தேன். இரண்டைக் கழித்து ஒதுக்கினேன். பத்தே காலுக்குக் காற்று இறங்கியது. ஆறாம் மாடிக்குச் செங்கல் நான்கு தட்டு, ஒன்பதாம் மாடிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, முற்றத்துக்குக் குழாய்க் கட்டு இரண்டு. மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் பதினோராம் தேதி கொடுத்திருந்தார்கள். மேனேஜர் அதை நாட்காட்டியில் குறித்தார். தலைமை அலுவலகம் வேறொருவரை எடுத்துக்கொண்டதாக மதியம் போன் வந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் தூறியது. சாயங்காலம் ஐந்தரைக்கு அக்கா கிரேன் கையின் பூட்டை விடுவித்தார், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது திரும்பிக்கொள்ளட்டும் என்று. அவர் இறங்கி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். அவருடைய பஸ் முதலில் வந்தது.